மலையிலிருந்து டெல்லிக்கு ஒரு கேள்வி: சுகாதாரமும் வனமும் கலந்த விவகாரத்தை மக்களவையில் கேட்பது எப்படி

எம்.பி. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் கைக்கு வரும் மனுக்களில் ஒன்று அநேகமாக இப்படி இருக்கும்: "எங்கள் மலைக் கிராமத்தில் பாம்பு கடித்தால் தூளி கட்டித்தான் தூக்கி வர வேண்டியிருக்கிறது. ரோடு போட வனத்துறை விடவில்லை. கீழே உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருப்பதில்லை. நாடாளுமன்றத்தில் கேளுங்கள்."

நான்கு வாக்கியம்தான். ஆனால் அதற்குள் மூன்று அமைச்சகமும் ஒரு மாநில அரசும் இருக்கின்றன. இதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பினால் ஒன்று மக்களவைச் செயலகத்திலேயே தள்ளுபடியாகும், அல்லது "இது மாநில அரசின் பொறுப்பு" என்று ஒற்றை வரிப் பதில் வரும். மனுவை வினாவாக மாற்றுவதற்கென்று ஒரு வேலை முறை உண்டு. எம்.பி. அலுவலக உதவியாளர்களுக்கும், எம்.பி.க்களுக்குக் கேள்வி எழுதிக் கொடுக்கும் களப்பணியாளர்களுக்கும் அந்த முறையை இங்கே தருகிறோம். மேலே உள்ள மனுவையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை: யாரிடம் கேட்பது

பல கேள்விகள் வீணாவது இங்கேதான். எது மத்திய அரசுக்கு, எது மாநிலத்துக்கு, எது இருவருக்கும் பொது என்று பட்டியலிடும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். பொது சுகாதாரம், மருத்துவமனை, மருந்தகம் எல்லாம் மாநிலப் பட்டியலில் 6-வது இனம். காடு பொதுப் பட்டியலில் 17-ஏ, வனவிலங்குப் பாதுகாப்பு 17-பி. இவை இரண்டும் 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் மாநிலப் பட்டியலிலிருந்து அங்கே போனவை. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குத் தொற்றுநோய் பரவாமல் தடுப்பதும் பொதுப் பட்டியல்தான், 29-வது இனம்.

ஆகவே வனத்தைப் பற்றி மத்திய அமைச்சரை நேராகக் கேட்கலாம். சுகாதாரத்தை மட்டும் சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும். "எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏன் மருந்து இல்லை" என்பதற்கு மத்திய அமைச்சர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. தேசிய சுகாதார இயக்கத்தில் மத்திய அரசின் பணம் போகிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு அதில் 60 விழுக்காடு மத்தியப் பங்கு, 40 விழுக்காடு மாநிலப் பங்கு. அந்தப் பணம் எவ்வளவு வந்தது, எதற்கு ஒப்புதல் ஆனது, எவ்வளவு செலவானது என்று கேட்டால் அவர் சொல்லியே தீர வேண்டும். மத்திய அரசின் பணமோ சட்டமோ சுற்றறிக்கையோ எந்த இடத்தில் தொடுகிறது என்று பாருங்கள். கேள்வி அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும்.

இப்போது மனுவைப் பிரிப்போம்.

மருந்து. இது சுகாதாரம் மற்றும் குடும்ப நல அமைச்சகம். 2024 மார்ச்சில் அந்த அமைச்சகம் பாம்புக்கடிக்கென ஒரு தேசியச் செயல் திட்டம் வெளியிட்டது. 2030-க்குள் மரணங்களைப் பாதியாகக் குறைப்பது அதன் இலக்கு. அதே ஆண்டு நவம்பரில், பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்கும்படி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. தமிழ்நாடு 1939-ம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் அப்படி அறிவித்தும்விட்டது. ஆக, இலக்கும் கடிதமும் அமைச்சகத்தின் கோப்பில் இருக்கின்றன. பிடி கிடைத்துவிட்டது.

ரோடு. வனத்துறை தடுக்கிறது என்றதும் எல்லோரும் சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகத்துக்குத்தான் எழுதுவார்கள். அது பாதி சரி. வன உரிமைச் சட்டம், 2006-ன் பிரிவு 3(2)-ஐ எடுத்துப் படியுங்கள். பள்ளி, மருந்தகம் அல்லது மருத்துவமனை, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், சாலை என 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்கலாம். 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் நீண்ட வழி இதற்குத் தேவையில்லை. மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே முடியக்கூடிய காரியம். இந்தச் சட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சகம் வனம் அல்ல, பழங்குடியினர் விவகாரம். ஆளை மாற்றிக் கேட்டால் வினா ஓர் அமைச்சகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படும். அதோடு நாளும் மாறும், சில சமயம் கூட்டத்தொடரே முடிந்துவிடும்.

மனுவில் இல்லாத மூன்றாவது விஷயம் ஒன்றும் உண்டு. அனுபவம் உள்ளவர்கள் இதைச் சேர்த்துக்கொள்வார்கள். நச்சுமுறிவு மருந்து செய்ய நஞ்சு வேண்டும். இந்திய நிறுவனங்கள் வாங்கும் நஞ்சில் பெரும்பகுதி சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. 1978-ல் தொடங்கிய சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடிக்க அவர்களுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் பிரிவு 12, உயிர்காக்கும் மருந்துக்காக நஞ்சு எடுப்பதைத் தனி நோக்கமாகவே குறிப்பிட்டு அனுமதிச் சீட்டுக்கு வழி செய்கிறது. அந்த அனுமதி தாமதமானால் மருந்துச் சங்கிலியின் முதல் கண்ணியே நின்றுபோகும். இந்தக் கேள்வி வன அமைச்சகத்துக்கு உரியது.

மனுவில் மிச்சம் இருப்பது அந்த ஒரு குறிப்பிட்ட ஊர், அந்த ஒரு குறிப்பிட்ட நிலையம். அது டெல்லிக்குரியது அல்ல. தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு அனுப்புங்கள். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது மக்கள் நல்வாழ்வுத் துறையும் வனத்துறையும் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்புகளை இணைத்து அனுப்பினால் அவருக்கும் வேலை எளிது.

இரண்டாவது: ஏற்கெனவே யார் கேட்டார்கள்

நாடாளுமன்ற இணையதளத்தில் அமைச்சகம், உறுப்பினர், சொல் என்று பழைய வினா-விடைகளைத் தேடலாம். ஒரு மணி நேரம் செலவழியுங்கள். முன்பே பதில் தரப்பட்ட அதே விஷயத்தைத் திரும்பக் கேட்டால் ஏற்க மாட்டார்கள் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், பழைய பதில்தான் புதிய கேள்விக்கு அடித்தளம். போன ஆண்டு "தரவு மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை" என்று சொல்லியிருந்தால், இந்த ஆண்டு "கட்டாயத் தெரிவிப்பு வந்த பிறகு எத்தனை மாநிலங்கள் அறிவிக்கை வெளியிட்டுள்ளன" என்று கேட்கலாம்.

பொதுவில் கிடைக்கும் ஆவணத்தில் உள்ளதைக் கேட்பதும் விதிப்படி கூடாது. தேசிய சுகாதார இயக்கத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுதோறும் எதெதற்கு எவ்வளவு ஒப்புதல் என்ற நடவடிக்கைப் பதிவு அதன் இணையதளத்திலேயே இருக்கிறது. வனப்பரப்பு எவ்வளவு என்பது டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் இரண்டாண்டு அறிக்கையில் கிடைக்கும். ஒப்புதலை நீங்களே பார்த்துக்கொண்டு, செலவை மட்டும் கேளுங்கள்.

வனப்பரப்பு என்றதும் ஒரு எச்சரிக்கை. அந்த அறிக்கையின் கணக்கில், 1 ஹெக்டேருக்கு மேல் பரப்பும் 10 விழுக்காட்டுக்கு மேல் மரக்கவிகையும் (மேலிருந்து பார்த்தால் மரக்கிளைகள் மூடும் பரப்பு) இருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, என்ன மரம் என்பதெல்லாம் கணக்கில்லை. தோட்டப் பயிர் மரங்களும் உள்ளே வந்துவிடும். "வனப்பரப்பு கூடியதா" என்று கேட்டால் "கூடியது" என்ற பதில் கிடைக்கும், அது பொய்யும் அல்ல. காப்புக்காட்டு எல்லைக்குள் எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால்தான் விஷயம் வெளிவரும். வனநிலத்தை வேறு பணிக்கு எடுப்பவர்கள் கட்டும் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதியைப் பற்றிக் கேட்கும்போதும் இதே கதைதான். 2016-ம் ஆண்டுச் சட்டப்படி அந்த நிதியில் 90 விழுக்காடு மாநிலங்களுக்குப் போகிறது. எத்தனை கன்று நட்டார்கள் என்று கேட்காதீர்கள். எந்த ஆண்டு நட்டதில் இப்போது எத்தனை விழுக்காடு உயிரோடு இருக்கிறது, அதை யார், எந்தத் தேதியில் போய்ப் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

மூன்றாவது: நாள் கணக்கு

கூட்டத்தொடர் அறிவித்ததும் எந்த அமைச்சகத்துக்கு எந்தக் கிழமை என்ற அட்டவணை வரும். அண்மை ஆண்டுகளில் மக்களவையில் வனத்துக்குத் திங்கள், பழங்குடியினர் விவகாரத்துக்கு வியாழன், சுகாதாரத்துக்கு வெள்ளி. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அட்டவணையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். மாநிலங்களவைக்குக் கிழமைகள் வேறு.

வினா கேட்கப்போவதாகத் தரும் அறிவிப்பு குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன் போய்ச் சேர வேண்டும். முழு நாள் என்றால் கொடுக்கும் நாளும் பதில் வரும் நாளும் சேராது. 21-ம் தேதி வெள்ளிக்கிழமை பதில் வேண்டுமானால் 5-ம் தேதியே கடைசி. 6-ம் தேதி கொடுத்துவிட்டு 15 நாள் ஆகிறதே என்று விரல் விட்டு எண்ணுவதுதான் புதியவர்களின் வழக்கமான தவறு.

மக்களவையில் ஓர் உறுப்பினர் ஒரு நாளுக்கு 5 அறிவிப்பு வரை தரலாம். அதில் எது முதல் விருப்பம் என்று வரிசை குறிக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். நீங்கள் வரைவு எழுதலாம், தரவு தேடலாம். உறுப்பினருக்கான இணையதளத்தில் அவருடைய கடவுச்சொல்லை வைத்து நீங்கள் அறிவிப்பு போடக் கூடாது. 2023 டிசம்பரில் ஓர் உறுப்பினர் மக்களவையிலிருந்து நீக்கப்பட்ட விவகாரத்தின் மையத்தில் இருந்ததே கடவுச்சொல்லைப் பிறருக்குக் கொடுத்ததுதான். கேள்வி கேட்கக் காசு வாங்கியதற்காக 2005 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 11 பேர் பதவி இழந்தார்கள். மருந்து நிறுவனமோ மர வியாபாரியோ "இதை மட்டும் கேட்டுவிடுங்கள்" என்று தட்டச்சு செய்த தாளோடு வந்தால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நான்காவது: எழுதுவது

மக்களவை நடைமுறை விதி 41-ஐ ஒரு முறை முழுதாகப் படியுங்கள். அதன்படி வினா 150 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. வாதம், ஊகம், கிண்டல், பழி சுமத்துதல் கூடாது. கருத்துக் கேட்கக் கூடாது. "இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்" என்ற கற்பனைக் கேள்வி கூடாது. நீதிமன்றத்தில் இருப்பதைக் கேட்கக் கூடாது. ஒரு வினாவின் பதிலுக்குள் அடங்காத பெரிய கொள்கை விஷயமும் கூடாது. கொள்கையை எதிர்த்துக் கேட்க வந்தவர்கள் இந்தக் கடைசி விதியில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

புதியவர் எழுதும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"மலைவாழ் மக்கள் பாம்புக்கடிக்கு மருந்தில்லாமல் சாவதை அரசு அறியுமா, இந்த அலட்சியத்துக்கு யார் பொறுப்பு, பழங்குடியினர் சுகாதாரத்தில் அரசின் கொள்கை என்ன?"

கோபம் நியாயமானது. வினாவாக இது நிற்காது. "அலட்சியம்" என்பது பழி. "யார் பொறுப்பு" என்பது கருத்து. "கொள்கை என்ன" என்பது மிகப் பெரியது. "அறியுமா" என்பதில் விதிமீறல் இல்லை. ஆனால் அதில் ஒரு உட்பிரிவு வீணாகிறது. ஒட்டுமொத்தத்தில் எண், ஆண்டு, மாவட்டம், திட்டத்தின் பெயர் எதுவுமே இல்லை.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"சுகாதாரம் மற்றும் குடும்ப நல அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா:
(அ) பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக அறிவிக்கும்படி 2024 நவம்பரில் எழுதிய கடிதத்துக்குப் பின் அவ்வாறு அறிவித்த மாநிலங்கள் எவை, அறிவிக்கை நாள் எது;
(ஆ) தமிழ்நாட்டில் மலை மற்றும் பழங்குடிப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில், நச்சுமுறிவு மருந்து 10 குப்பிக்குக் குறையாமல் இருப்பில் உள்ளவை எத்தனை, மாவட்ட வாரியாக;
(இ) தேசியச் செயல் திட்டத்துக்கெனக் கடந்த இரண்டு நிதியாண்டுகளில் ஒப்புதல் தந்த தொகை, விடுவித்த தொகை, செலவான தொகை, மாநில வாரியாக;
(ஈ) (ஆ)-வில் கேட்ட விவரம் சேகரிக்கப்படவில்லை எனில், அதைச் சேகரிக்கக் கால வரையறை ஏதும் உண்டா?"

"10 குப்பி" ஏன் என்று கேட்பீர்கள். தேசியச் சிகிச்சை வழிகாட்டிப்படி, நஞ்சேறிய அறிகுறி தெரிந்த ஒருவருக்குத் தொடக்க அளவே 8 முதல் 10 குப்பி. "மருந்து இருக்கிறதா" என்று வெறுமனே கேட்டால், அலமாரியில் 2 குப்பி உள்ள நிலையமும் "இருப்பு உண்டு" என்ற பட்டியலில் ஏறிவிடும். அந்த 2 குப்பியை வைத்துக்கொண்டு செவிலியர் செய்யக்கூடியது 108-ஐ அழைப்பதுதான். ஓர் எண்ணைச் சேர்த்தால் பதிலின் நிறமே மாறிவிடும். இதை எந்த மருத்துவ அலுவலரும் தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். வரைவு எழுதுவதற்கு முன் கட்டாயம் ஒருவரைக் கேளுங்கள்.

(ஈ) பிரிவும் அலங்காரத்துக்கு இல்லை. (ஆ)-வுக்கு "விவரம் இல்லை" என்று வரப்போவது பெரும்பாலும் தெரிந்ததுதான். அந்தக் கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவை முன்கூட்டியே பூட்டி வைப்பதுதான் (ஈ).

பழங்குடியினர் விவகார அமைச்சகத்துக்கு: பிரிவு 3(2)-ன் கீழ் கடந்த ஐந்து ஆண்டுகளில் வந்த விண்ணப்பங்கள், அவற்றில் மருந்தகத்துக்கும் சாலைக்கும் எத்தனை, ஒப்புதல், நிராகரிப்பு, நிலுவை, நிராகரித்த காரணம். வன அமைச்சகத்துக்கு: பிரிவு 12-ன் கீழ் நஞ்சு எடுக்க வழங்கிய அனுமதிகள், இனம் வாரியாகப் பாம்புகளின் எண்ணிக்கை, விண்ணப்பம் வந்த நாளுக்கும் அனுமதி தந்த நாளுக்கும் உள்ள இடைவெளி. ஒரே தாளில் மூன்று அமைச்சகத்தையும் சேர்க்க வேண்டாம். மூன்று தனி வினாக்கள், மூன்று தனி நாட்கள்.

இடைவெளியைக் கேட்பது எல்லா இடத்திலும் கைகொடுக்கும். கியாசனூர் காட்டு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. உண்ணிகள் மூலம் பரவும். குரங்குகள் முதலில் சாகும், அதனால் ஊர்ப்பக்கம் குரங்குக் காய்ச்சல் என்றே பெயர். நீலகிரி, வயநாட்டுக் காடுகள் வரை வந்திருக்கிறது. செத்த குரங்கை முதலில் பார்ப்பவர் வனக்காவலர், மனிதருக்குச் சோதனை செய்வது சுகாதாரத் துறை, மாட்டு உண்ணியைக் கவனிப்பது கால்நடைத் துறை, தடுப்பூசி ஆராய்ச்சி மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பொறுப்பு. "ஒருங்கிணைந்து செயல்படுகிறீர்களா" என்று கேட்டால் "ஆம்" என்பார்கள். குரங்கு இறப்பு பதிவான நாள், மாதிரி ஆய்வகத்துக்குப் போன நாள், முடிவு வந்த நாள், கிராமத்துக்கு எச்சரிக்கை போன நாள் என்று நான்கு தேதிகளைக் கேளுங்கள். ஒருங்கிணைப்பு உண்டா இல்லையா என்பதைத் தேதிகளே சொல்லிவிடும்.

அறிவிப்பு ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் போக வேண்டும். தமிழில் நினைத்ததை ஆங்கிலமாக்கும்போது திட்டத்தின் பெயரையும் சட்டப் பிரிவையும் அதிகாரபூர்வ வடிவத்திலேயே எழுதுங்கள். ஒரு சொல் மாறினாலும் "அப்படி ஒரு திட்டம் இல்லை" என்று பதில் வரலாம்.

ஐந்தாவது: நட்சத்திரம் வேண்டுமா

நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். குறியிடாததற்கு எழுத்தில் மட்டும். மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திர வினா, 230 குறியிடாத வினா. மாநிலங்களவையில் 15-ம் 160-ம். எது இடம்பெறும் என்பது குலுக்கல். ஓர் உறுப்பினருக்கு ஒரு நாளில் ஒரு நட்சத்திரம்தான்.

20 என்று எண் பெரிதாக இருந்தாலும் காலை 11 முதல் 12 வரையிலான ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு வினா வந்தாலே அதிகம். மற்றவற்றின் பதில்கள் அவையில் வைக்கப்பட்டுவிடும். 14-வது இடம் கிடைத்தால் துணைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட வாரியான அட்டவணையும் ஐந்தாண்டுக் கணக்கும் வேண்டுமானால் குறியிடாததே போதும், சொல்லப்போனால் அதுவே நல்லது. அமைச்சரைப் பேச வைக்க வேண்டிய, ஒற்றைப் புள்ளியுள்ள விஷயத்துக்கு மட்டும் நட்சத்திரம் கேளுங்கள். எங்கள் உதாரணத்தில் பாம்புக்கடி மருந்துக்கு நட்சத்திரம், மற்ற இரண்டும் எழுத்தில்.

ஆறாவது: அவையில்

நட்சத்திர வினாவின் எழுத்துப் பதில் அவைக்கு முன்னதாகவே கைக்கு வந்துவிடும். அதைப் படித்துத்தான் துணைக் கேள்வியைத் தீர்மானிக்க வேண்டும். கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்விகள். முதலாவதை முன்பே எழுதி வைக்கலாம். இரண்டாவதை அமைச்சர் வாயிலிருந்து வந்த சொல்லைப் பிடித்துத்தான் கேட்க வேண்டும், அதற்கு மூன்று நான்கு சீட்டுகளைத் தயாராகக் கொடுத்தனுப்புங்கள். ஒரு சீட்டில் ஒரு கேள்வி, இரண்டு வரி, பெரிய எழுத்து.

உதாரணமாக அமைச்சர் "குளிர்சாதன வசதி உள்ள நிலையங்களில் மருந்து வைக்கப்படுகிறது" என்றால், கையில் இந்தச் சீட்டு இருக்க வேண்டும்: "உறைநிலையில் உலர்த்திய தூள் வடிவ மருந்துக்குக் குளிர்பெட்டி கட்டாயமில்லை, 2 முதல் 8 டிகிரி தேவைப்படுவது திரவ வடிவத்துக்குத்தான். மின்சாரம் நிலையில்லாத மலை நிலையங்களுக்குத் தூள் வடிவத்தையே தர அரசு அறிவுறுத்துமா?" இதற்கு "பரிசீலிக்கிறோம்" என்று ஒரு சொல் வந்தாலே போதும். அந்தச் சொல்லின் மதிப்பைப் பின்னால் சொல்கிறோம்.

பேசுவது தமிழிலும் இருக்கலாம், உடனடி மொழிபெயர்ப்பு உண்டு. ஆனால் முன்னுரை வேண்டாம். தொகுதியின் பெருமை, அவைத் தலைவருக்கு நன்றி என்று நீட்டினால் அவர் "கேள்விக்கு வாருங்கள்" என்பார், அதற்குள் நேரம் போய்விடும். மூல வினாவிலிருந்து கிளம்பாத துணைக் கேள்வியையும் அவர் அனுமதிக்க மாட்டார். மருந்தைப் பற்றிய வினாவில் ரோட்டைக் கேட்கப் போய் இரண்டையும் இழந்தவர்கள் உண்டு. உறுப்பினர் அந்த நேரம் இருக்கையில் இல்லாவிட்டால் சீட்டுகள் உங்களுக்கே திரும்பி வரும்.

ஏழாவது: பதிலைப் படிப்பது

"(அ) முதல் (ஈ) வரை" என்று ஒரே பத்தியாகப் பதில் வந்திருந்தால் உஷாராகுங்கள். நான்கு பிரிவுக்கும் சேர்த்து எழுதும்போது ஒரு பிரிவு சத்தமில்லாமல் காணாமல் போகும். பதிலை அச்செடுத்து, ஓரத்தில் அ, ஆ, இ, ஈ என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். குறி விழாத எழுத்துதான் உங்கள் அடுத்த வினா.

"பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பொருள்" என்று தொடங்கினால் கவலைப்பட வேண்டாம், சுகாதார அமைச்சகத்தின் பதில்கள் பலவற்றின் முதல் வரியே அதுதான். அடுத்து "மாநிலங்கள் தங்கள் செயலாக்கத் திட்டத்தில் கோரும் தேவையின் அடிப்படையில்" என்று வரும். இதன் பொருள்: தமிழ்நாடு கேட்டதா இல்லையா என்று பாருங்கள். கேட்டிருந்து டெல்லி குறைத்திருந்தால் அடுத்த வினா டெல்லிக்கு. கேட்கவே இல்லை என்றால் அடுத்த வினா சட்டமன்றத்துக்கு.

ஒப்புதல், விடுவிப்பு, செலவு ஆகிய மூன்றும் மூன்று வேறு தொகைகள். முதலாவதை மட்டும் தந்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டிருப்பார்கள். இணைப்பு அட்டவணையின் கூட்டுத்தொகையை நீங்களே கூட்டிப் பாருங்கள். எந்தத் தேதி நிலவரம், மாநிலம் தந்த தகவலா அமைச்சகம் சரிபார்த்ததா என்பது அடிக்குறிப்பில் சிறு எழுத்தில் இருக்கும்.

எண்களில் ஒரு பள்ளம் உண்டு. பாம்புக்கடி மரணம் பற்றி மருத்துவமனைப் பதிவு சொல்வது சில ஆயிரம். வீடுவீடாக இறப்புக் காரணத்தை ஆராய்ந்த மதிப்பீடு, 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 என்கிறது. பதிலில் சிறிய எண் வந்தால் அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. மருத்துவமனை வாசலை மிதிக்காமல் இறந்தவர்கள் அதில் இல்லை, அவ்வளவுதான். நம் மனுவில் தூளியில் தூக்கி வரப்பட்டு வழியில் இறப்பவரும் அதில் இருக்க மாட்டார்.

எட்டாவது: பதிலுக்குப் பிறகு

"தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்", "பரிசீலனையில் உள்ளது", "கவனிக்கிறேன்" என்பவை வெறும் மழுப்பல் அல்ல. நாடாளுமன்றக் கணக்கில் அவை உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அரசின் உறுதிமொழிகளுக்கான குழு அதைக் கண்காணிக்கும். பதில் வந்த நாளையும் வினா எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி, மூன்று மாதம் தள்ளி நாட்காட்டியில் குறியுங்கள். அன்றைக்கும் வரவில்லை என்றால் அந்தக் குழுவுக்கு உறுப்பினர் கடிதம் எழுதலாம். இதைச் செய்யும் அலுவலகங்கள் குறைவு.

பதிலில் இன்னும் விளக்கம் தேவைப்பட்டால் விதி 55-ன் கீழ் அரை மணி நேர விவாதம் கேட்கலாம். மூன்று நாள் முன்னறிவிப்பும், காரணக் குறிப்பும், வேறு இரண்டு உறுப்பினர்களின் கையெழுத்தும் வேண்டும். திங்கள், புதன், வெள்ளியில் அவையின் கடைசி அரை மணி. வனமும் சுகாதாரமும் சேர்ந்த விஷயத்துக்கு மலைத் தொகுதி உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் கையெழுத்துப் போடுவார்கள், கர்நாடகம், கேரளப் பக்கமும் கேட்டுப் பாருங்கள். 1957-ல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் பங்கு வாங்கிய விவகாரத்தை ஃபெரோஸ் காந்தி அவையில் கிளப்பியதன் முடிவில் 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அவ்வளவு பெரிய விளைவை எதிர்பார்க்க வேண்டாம். அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே நம் மனுக்காரருக்கு லாபம்.

பதில் தவறு என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால், மக்களவைத் தலைவரின் வழிகாட்டுதல் 115-ன் கீழ் எழுதலாம். நினைவிலிருந்து எழுதாதீர்கள். ஆதார ஆவணத்தின் நகலும் பதிலின் நகலும் பக்க எண்ணோடு இணைந்திருக்க வேண்டும்.

கடைசியாக, பதில் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வெளிவரும். மனு கொடுத்த ஊருக்கு அதைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதி, வினா எண், நாளோடு அனுப்புங்கள். பிரிவு 3(2) பற்றிய பகுதியைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதுங்கள். ரோட்டுக்கான முதல் காகிதம் டெல்லியிலிருந்து வராது. கிராம சபைத் தீர்மானமாக அந்த ஊரிலிருந்துதான் கிளம்ப வேண்டும், அடுத்த கிராம சபை எந்தத் தேதியில் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.